வான்தகுதிக் கட்டளை

மாட்டு வண்டியின் அச்சு முறிந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். வண்டிக்காரன் மாடுகளை அவிழ்த்து மரநிழலில் கட்டிவிட்டு, அடுத்த ஊர்த் தச்சனைத் தேடிச் செல்வான். இரயில் வண்டியின் பொறி பழுதுற்றால் மாற்றுப் பொறி வரும்வரை பயணிகள் காத்திருப்பர். கப்பலின் பொறி நின்றாலும் கப்பல் மிதந்துகொண்டுதான் இருக்கும். வானூர்தி ஒன்றற்கே நின்று பழுதுபார்த்துக்கொள்ள இடமில்லை. ஆதலின், பிற ஊர்திகளுக்குப் பழுது நேர்ந்தபின் செப்பனிடுதல் வழக்கமாயிருக்க, வானூர்திக்குப் பழுது நேருமுன்னரே செப்பனிடுதல் கடமையாயிற்று. அக்கடமையைச் சட்டத்தின் வலிமையோடு விதிக்கும் ஆணைக்கு வான்தகுதிக் கட்டளை என்பது பெயர்.

அக்கட்டளை எத்தகையது என்பதை அறியுமுன், வானூர்தியின் பொறி எத்தகையது என்பதைச் சிறிது அறிதல் வேண்டும். பெரிய பயணி விமானங்களின் சிறகுகளுக்கடியில் உருளை வடிவில் தொங்குவனவே பொறிகள். அவ்வுருளையின் முகப்பில் ஒரு பெரு விசிறி சுழல்கிறது. அது வாரியிழுக்கும் காற்றில் ஒரு பகுதி பொறியின் உள்ளே சென்று, அடுக்கடுக்கான சிறு தகடுகளால் அமுக்கப்பெற்று, எரியறையை அடைந்து எரிநெய்யோடு கலந்து எரிகிறது. எரிந்த வளி பெருவிசையுடன் பின்னோக்கிப் பாயும்போது டர்பைன் எனப்படும் சுழலியைச் சுற்றுகிறது. அச்சுழலியே முகப்பிலுள்ள விசிறியையும் இடையிலுள்ள அமுக்கியையும் சுற்றுகிறது. எரியறையை அடுத்த சுழலியின் தகடுகளைச் சூழும் வளியின் வெப்பமோ, அத்தகடுகள் ஆன உலோகத்தையே உருக்கவல்லது. தகடுகளின் உள்ளே நுண்துளைகளின் வழியாகக் குளிர்காற்றைச் செலுத்தி அவை உருகாமல் காக்கின்றனர். எரியும் அடுப்பினுள் மெழுகுவத்தியை உருகாமல் வைத்திருப்பது போன்றதொரு வித்தை இது.

வெப்பம் ஒருபுறமிருக்க, சுழற்சியின் விசை மற்றொருபுறம். உலகில் மிகுதியாகப் பறக்கும் போயிங் 737 வகை விமானங்களுள் பலவற்றைச் சுமக்கும் சி.எப்.எம். 56-7பி என்னும் பொறியின் விசிறி ஏறத்தாழ 1.55 மீட்டர் குறுக்களவு உடையது. 24 தகடுகளைக் கொண்டது. முழு வேகத்தில் நிமிடத்திற்கு 5,000 முறைக்குமேல் சுழல்வது. அவ்வேகத்தில் ஒவ்வொரு தகடும் தன் பிடியை அறுத்துக்கொண்டு வெளியே ஓட முயல்கிறது. கவணில் வைத்துச் சுழற்றிய கல் கயிற்றை இழுப்பதுபோல், அத்தகடு தன் அடிப்பகுதியைப் பல டன் எடையின் விசையோடு இழுக்கிறது.

இவ்விழுப்பு ஓயாது நிகழ்வதன்று. விமானம் ஏறும்போது இழுப்பு மிகும். இறங்கி நின்றபின் தளரும். மறுபடி ஏறும்போது மீண்டும் மிகும். ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் அது முறிவதில்லை. அங்குமிங்குமாகப் பன்முறை வளைத்தால் முறிந்துவிடும். ஒரு வளைப்பில் தாங்கிய உலோகம் பல வளைப்புகளில் தாங்காமற் போவதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். சோர்வுற்ற உலோகத்தில் முதலில் மயிரினும் மெல்லிய விரிசல் ஒன்று தோன்றும். ஒவ்வொரு பயணத்திலும் அது சிறிது சிறிதாக வளரும். பிளந்த உலோகத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், வெட்டுமரத்தின் வளையங்கள் அதன் வயதைக் காட்டுவதுபோல், விரிசல் வளர்ந்த வரலாறு வரிவரியாகத் தெரியும். இக்காரணத்தால், பொறியின் உறுப்புகளுக்கு வயதைக் கணக்கிடுவோர் ஆண்டுகளால் மட்டும் கணக்கிடுவதில்லை, சுற்றுகளால் கணக்கிடுகின்றனர். ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குதல் ஒரு சுற்று.

இரு பொறிகளையுடைய விமானத்தில் ஒரு பொறி நின்றுவிட்டால் மற்றொன்றைக் கொண்டே பறந்து பத்திரமாக இறங்கலாம். விமானிகள் அதற்கெனவே பயிற்சி பெறுகின்றனர். ஆதலால், பொறி நிற்பது பேராபத்தன்று, சிதறுவதே பேராபத்து. விசிறித் தகடு ஒன்று உடைந்தால் அதனைத் தடுத்து நிறுத்துமாறு பொறியின் உறையை வலிமையாக அமைக்க வேண்டும் என்பது விதி. ஆனால், அத்தகடுகளையெல்லாம் தாங்கி நிற்கும் நடுவட்டு உடைந்தால் அதைத் தடுக்கவல்ல உறையைச் சுமந்துகொண்டு எவ்விமானமும் பறத்தல் இயலாது. எனவே, வட்டு உடையவே கூடாது. அதற்கு இத்தனை சுற்றுகள்தாம் ஆயுள் என்று வரம்பு கட்டி, வரம்பை எட்டியதும், கண்ணுக்குப் புதிதுபோல் தோன்றினும், கழற்றி ஒதுக்கிவிடுகின்றனர்.

உடையவே கூடாத அவ்வுறுப்பு ஒருநாள் உடைந்தது. 1989-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் டென்வர் நகரிலிருந்து சிகாகோவை நோக்கி யுனைடெட் நிறுவனத்தின் டி.சி. 10 விமானம் ஒன்று 296 பேருடன் சென்றுகொண்டிருந்தது. அதற்கு மூன்று பொறிகள். சிறகுக்கு ஒன்றாக இரண்டு, வாலில் ஒன்று. வாலிலிருந்த பொறியின் விசிறி வட்டு திடீரெனப் பிளந்து பறந்தது. விமானத்தின் திருப்பும் உறுப்புகளையெல்லாம் அசைப்பது எண்ணெயின் அழுத்தம். ஒன்று போனால் மற்றொன்று உதவுமாறு மூன்று தனித்தனி அமைப்புகளை வைத்திருந்தனர். ஆனால் மூன்றன் குழாய்களும் வாற்பகுதியில் அருகருகே சென்றன. சிதறிய துண்டுகள் அப்பகுதியைத் தாக்க, மூன்று அமைப்புகளும் செயலற்றன. காப்புக்கு மேல் காப்பு வைத்தவர்கள், அவற்றையெல்லாம் ஒரே வாயிலில் நிறுத்தியிருந்தனர்.

தலைமை விமானி ஆல் ஹேன்ஸ் என்பவர். அவருடன் இரு விமானக் குழுவினர் இருந்தனர். பயணியாக வந்த, விமானிகளுக்குப் பயிற்சியளிக்கும் விமானி டென்னிஸ் பிட்ச் என்பவரும் விமானி அறைக்கு வந்து துணைநின்றார். சுக்கானும் இல்லை, சிறகின் மடல்களும் இல்லை. எஞ்சிய இரு பொறிகளின் வேகத்தை மாற்றி மாற்றிக் கூட்டியும் குறைத்துமே விமானத்தைத் திருப்பவும் தாழ்த்தவும் முயன்றனர். 44 நிமிடம் அவ்வாறு போராடி, அயோவா மாநிலத்தின் சூ நகர விமான நிலையத்தை அடைந்தனர். இறங்குங்கால் வலச்சிறகு தரையில் மோத, விமானம் உடைந்து தீப்பற்றியது. 112 பேர் மாண்டனர். 184 பேர் பிழைத்தனர். அந்நிலையில் ஒருவரும் பிழைத்தல் அரிது என்பதே அறிந்தோர் கருத்து.

உடைந்த வட்டு எங்கோ வயல்களில் வீழ்ந்திருந்தது. மூன்று திங்கள் கழித்து, ஆல்டா என்னும் ஊரின் அருகே சோள அறுவடையின்போது அதன் பெரும்பகுதி அகப்பட்டது. அதனை ஆராய்ந்த வல்லுநர்கள் கண்ட உண்மை வியப்பிற்குரியது. 1971-ஆம் ஆண்டில் அவ்வட்டுக்கான டைட்டானிய உலோகத்தை உருக்கியபோது நைட்ரசன் கலந்த கடினமான சிறு துகள் ஒன்று உள்ளே தங்கிவிட்டது. மணலில் பிசைந்த மாவில் ஒரு கல் கிடந்தாற்போல் அது கிடந்தது. நாளடைவில் அவ்விடத்தில் ஒரு சிறு குழி உண்டாயிற்று. குழியிலிருந்து விரிசல் தொடங்கியது. 18,000 சுற்று ஆயுள் வரம்புடைய அவ்வட்டு, 15,503-ஆம் சுற்றில் பிளந்தது. ஆயுள் வரம்பு என்பது குறையற்ற உலோகத்துக்கு வகுத்த கணக்கு. பிறவியிலேயே குறையுடைய ஒன்றுக்கு அக்கணக்கு பொருந்தவில்லை.

இதனினும் வருத்தம் தருவது வேறொன்று. விபத்துக்கு 760 சுற்றுகளுக்கு முன், 1988-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அவ்வட்டினைக் கழற்றிச் சோதித்திருந்தனர். அப்போதே விரிசல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு, மேற்பரப்பிலேயே இருந்தது என்று பின்னர்க் கணக்கிட்டனர். ஆயினும், அது சோதித்தவர் கண்ணிற்படவில்லை. வட்டின் நடுத்துளை வழியே கம்பி கோத்துத் தொங்கவிட்டுச் சோதிப்பது அங்கு வழக்கம். கம்பி மறைத்த இடத்தையும் பார்க்க வட்டைச் சுழற்ற வேண்டும். சுழற்றவில்லையோ, சாயம் சரியாகப் படியவில்லையோ, குறையே இராது என்ற நம்பிக்கையில் கண் சலித்ததோ, இவற்றுள் எதுவென்று அறுதியிட்டுக் கூற இயலவில்லை. நூறு வட்டு பார்த்து நூறும் நல்லனவாகக் கண்டவனுக்கு நூற்றோராவது வட்டை ஐயத்தோடு பார்ப்பது எளிதன்று. விசாரணை செய்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், மனிதக் கண்ணின் எல்லையைச் சோதனை முறை கருத்திற் கொள்ளவில்லை என்றே தன் அறிக்கையிற் குறித்தது.

சோதனை முறைகளைச் சிறிது விளக்குதல் நலம். மேற்கூறியது சாயச் சோதனை. உறுப்பை நன்கு கழுவி, ஒளிரும் தன்மையுள்ள சாயத்தில் தோய்ப்பர். சாயம் விரிசலுக்குள் புகும். மேலுள்ளதைக் கழுவிவிட்டு, வெண்பொடி தூவினால், உள்ளிருக்கும் சாயம் வெளியே கசியும். இருட்டறையில் புறஊதா ஒளியைப் பாய்ச்சினால் விரிசல் பச்சைக்கோடாக மின்னும். மேற்பரப்பு வரை வாய்திறந்த விரிசலை மட்டுமே இது காட்டும். மற்றொன்று கேளா ஒலிச் சோதனை. சந்தையில் மண்பானை வாங்குவோர் அதனைச் சுண்டிப் பார்க்கின்றனர். நல்ல பானை கணீரென ஒலிக்கும்; கீறல் விழுந்தது கரகரக்கும். அதுபோலவே, செவிக்கு எட்டாத மிகுநுண் ஒலியலைகளை உலோகத்துள் செலுத்தி, அவை திரும்பிவரும் பாங்கினால் உள்ளிருக்கும் குறையைக் காண்கின்றனர். மூன்றாவது சுழல் மின்னோட்டச் சோதனை. ஒரு சிறு கம்பிச்சுருளை உலோகத்தின்மேல் நகர்த்தினால் உலோகத்தில் மின்னோட்டம் தூண்டப்பெறும். விரிசல் குறுக்கிட்ட இடத்தில் அவ்வோட்டம் மாறும். அம்மாற்றத்தைக் கருவி காட்டும்.

சூ நகர விபத்தின்பின், அவ்வகைப் பொறிகளின் விசிறி வட்டுகளைக் கேளா ஒலியால் சோதிக்குமாறு அமெரிக்க அரசு கட்டளையிட்டது. அதே உருக்கிலிருந்து பிறந்த பிற வட்டுகள் விமானங்களிலிருந்து கழற்றப்பெற்றன. வாற்பகுதியில் குழாய் அறுந்தாலும் எண்ணெய் முழுவதும் வற்றிவிடாவண்ணம் தடுக்கும் அடைப்பான்களை டி.சி. 10 விமானங்களிற் பொருத்துமாறும் கட்டளை பிறந்தது.

இனி, கட்டளையின் இயல்பைக் காணலாம். பொறி செய்யும் நிறுவனம் ஒரு குறையை அறிந்தால் முதலில் தன் பொறியை வைத்திருப்போர்க்கெல்லாம் ஓர் அறிக்கை அனுப்பும். இன்ன உறுப்பைச் சோதியுங்கள், இன்னவாறு மாற்றுங்கள் என்று அது கூறும். பொதுவாக அது அறிவுரையே. அறிவுரையைக் கேட்போரும் உண்டு. வசதிப்படும்போது கேட்போரும் உண்டு. அரசின் விமானத்துறை அதனைக் கட்டளையாக்கிய பின்னரோ, கேளாதவர் விமானம் பறத்தல் சட்டவிரோதம். கட்டளை பிறப்பிக்க இரண்டு காரணங்கள் அமைய வேண்டும்: ஓர் உறுப்பில் ஆபத்தான குறை காணப்படுதல் ஒன்று, அவ்வகையைச் சேர்ந்த பிற உறுப்புகளிலும் அக்குறை இருக்கவோ தோன்றவோ கூடும் என்பது மற்றொன்று. கட்டளையில் எந்தப் பொறிகளுக்கு அது பொருந்தும், காரணம் யாது, செய்ய வேண்டுவது யாது, எத்தனை நாளுக்குள் அல்லது எத்தனை சுற்றுக்குள் செய்ய வேண்டும் என்பன ஐயத்துக்கிடமின்றிக் குறிக்கப்பெறும். வேறு வகையிலும் அதே பாதுகாப்பைப் பெறலாம் என்று மெய்ப்பிப்பவர் அதற்கு முன்னிசைவு பெற்றுக்கொள்ளலாம்.

பொதுவாக, கட்டளையின் வரைவை முதலில் வெளியிட்டு, விமான நிறுவனங்களும் பொறியாளர்களும் பிறரும் கருத்துரைக்கக் காலம் தருவர். இது நேர்மையான முறையே. ஒரு சோதனைக்குப் பல நூறு விமானங்களை நிறுத்த வேண்டுமாயின் அதன் செலவையும் பட்டறைகளின் ஆற்றலையும் எண்ணிப்பார்க்கத்தான் வேண்டும். அஞ்சி அஞ்சி எல்லாவற்றையும் அடிக்கடி கழற்றிப் பூட்டினால், பூட்டுவதிலேயே புதிய பிழைகள் நேரும். ஆயினும், எண்ணிப்பார்க்கும் அக்காலத்திலும் விரிசல் வளர்ந்துகொண்டிருக்கிறது.

2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள், சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றில் விசிறித் தகடு ஒன்று அடியோடு முறிந்தது. உயிர்ச்சேதமின்றிப் பென்சகோலா நகரில் அவ்விமானம் இறங்கிற்று. பொறியைச் செய்த நிறுவனம் கேளா ஒலிச் சோதனையைப் பரிந்துரைத்தது. 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க விமானத்துறை கட்டளையின் வரைவை வெளியிட்டது. சில விமான நிறுவனங்கள் கூடுதல் காலம் வேண்டின. ஐரோப்பியத் துறையின் கட்டளை 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கக் கட்டளையோ அப்போதும் வரைவாகவே இருந்தது.

ஏப்ரல் 17-ஆம் நாள், அதே நிறுவனத்தின் மற்றொரு விமானம் நியூயார்க்கிலிருந்து டல்லாஸ் நகரை நோக்கி 149 பேருடன் எழுந்தது. ஏறத்தாழ 32,000 அடி உயரத்தில், இடப்பொறியின் 24 தகடுகளுள் ஒன்று அடிப்பிடியில் முறிந்தது. உறையில் மோதிய அதிர்ச்சியால் பொறியின் வெளிமூடி சிதறி, அதன் துண்டு விமானத்தின் உடலில் ஒரு சாளரத்தருகே அடித்தது. சாளரம் பெயர்ந்தது. அதனருகே அமர்ந்திருந்த பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். தலைமை விமானி டாமி ஜோ ஷல்ட்ஸ் என்னும் அம்மையார் கலங்காது விமானத்தைப் பிலடெல்பியாவில் இறக்கினார். முறிந்த தகடு 32,636 சுற்றுகள் கண்டிருந்தது. 2012-ஆம் ஆண்டில் அதனைச் சாயச் சோதனைக்கு உட்படுத்தியபோதே விரிசல் தொடங்கியிருக்கக்கூடும் என்று விசாரணையில் தெரிந்தது. வரைவு முன்னரே கட்டளையாகியிருப்பினும் இந்த ஒரு தகடு அதன் வலையில் அகப்பட்டிருக்கும் என்று துணிந்து கூறுதல் பொருந்தாது. முதலிற் சோதிக்க வேண்டியவை என்று குறிக்கப்பட்ட தகடுகள் சிலவே.

மூன்றே நாளில், ஏப்ரல் 20-ஆம் நாள், அவசரக் கட்டளை பிறந்தது. அவசரக் கட்டளைக்கு வரைவும் இல்லை, கருத்துரைக்கக் காத்திருத்தலும் இல்லை. விமான உரிமையாளர்க்கு நேரே அனுப்பப்பெறும். 30,000 சுற்றுக்கு மேற்பட்ட பொறிகளின் ஒவ்வொரு தகட்டையும் 20 நாளுக்குள் கேளா ஒலியாற் சோதிக்க வேண்டும் என்று அது விதித்தது. அமெரிக்காவில் 352 பொறிகள், உலகெங்கும் 681 பொறிகள் அதன்கீழ் வந்தன. அடுத்த திங்களில் 20,000 சுற்றுக் கண்டவையும் அவ்வரம்புக்குட்பட்டன. ஒருமுறை சோதித்தால் போதாது, 3,000 சுற்றுக்கொருமுறை மீண்டும் சோதிக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. பொறியின் வெளிமூடியைத் திருத்தியமைக்குமாறு போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. ஓர் உறுப்பின் முறிவு, தொடர்பற்றதெனத் தோன்றும் மற்றோர் உறுப்பின் குறையையும் வெளிப்படுத்தியது.

நாள் தருவதும் இயலாத நிலைமைகள் உண்டு. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் டென்வர் நகரில் போயிங் 777 விமானம் ஒன்றின் பொறித்தகடு முறிந்து, மூடியின் பாகங்கள் ஊருக்குள் வீழ்ந்தன, ஒருவருக்கும் காயமில்லை. பிப்ரவரி 23-ஆம் நாள் பிறந்த கட்டளை, அவ்வகைத் தகடுகளைச் சோதித்தபின்னரே அடுத்த பயணம் என்று கூறிவிட்டது.

எந்த நாட்டில் பொறி வடிவமைக்கப்பட்டதோ அந்நாடு கட்டளை பிறப்பிக்க, விமானம் எந்நாட்டுப் பதிவில் உள்ளதோ அந்நாடு அதனைச் செயற்படுத்தும் என்பது உலக நாடுகளிடையே உள்ள ஏற்பாடு. இந்தியாவில் இப்பொறுப்பு புதுதில்லியிலுள்ள உள்நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தைச் சார்ந்தது. தேவை நேர்ந்தால் அது தானாகவும் ஆணையிடும். 2019-ஆம் ஆண்டு நவம்பரில், இண்டிகோ நிறுவனத்தின் 97 ஏர்பஸ் விமானங்களிலிருந்த பிராட் அண்டு விட்னி பொறிகளைத் திருத்தம்பெற்ற பொறிகளாக 2020-ஆம் ஆண்டு ஜனவரி இறுதிக்குள் மாற்றுமாறு ஆணையிட்டது. அப்பொறிகளின் தாழ்வழுத்தச் சுழலித் தகடுகள் அடிக்கடி பழுதுற்றதே காரணம். மாற்றுப் பொறிகள் உரிய காலத்தில் கிடைக்காமையால் தவணை நீட்டிக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டிலோ, அதே பொறிவகையின் வட்டுகளைச் செய்யப் பயன்பட்ட உலோகப்பொடியில் நுண்ணிய மாசு கலந்திருந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. 1971-இல் உருக்கிய டைட்டானியத்துள் ஒரு துகள் தங்கியதும், அரை நூற்றாண்டு கழித்துப் பொடியினுள் மாசு தங்கியதும் ஓரினமே. ஆனால் இம்முறை பொறிகளைக் கழற்றிச் சோதிப்பதற்காக உலகெங்கும் பல நூறு விமானங்கள் தரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களிலும், பொறி கழற்றிய சிறகுகளோடு அவை வரிசையாய் நின்றதைப் பயணிகள் கண்டனர். பயணச்சீட்டின் விலை ஏறிற்றென்று முணுமுணுத்தவர்கள் பலர்.

பட்டறையில் ஒரு கட்டளை நிறைவேறும் முறை எளியது. இரவில் கடைசிப் பயணம் முடித்து வந்த விமானத்தின் பொறிமூடியைத் திறப்பர். தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எண்ணிட்டு, துடைத்து, அடிப்பிடியின் மேல் கருவியை நகர்த்திச் சோதிப்பர். திரையில் ஐயத்துக்குரிய குறி தோன்றினால் அத்தகட்டைத் தனியே ஒதுக்கிவிடுவர். அது மீண்டும் பொறியேறாது. எஞ்சியவற்றிற்கு உரிய மசகு பூசி, எடைச்சமன் பார்த்து, எடுத்த இடத்திலேயே பூட்டுவர். பின்பு பொறியாளர் பதிவேட்டைத் திறந்து, கட்டளையின் எண், பொறியின் எண், அதுகாறும் கண்ட சுற்றுகள், செய்த வேலை, நாள், மறுசோதனைக்குரிய தவணை ஆகியவற்றை எழுதித் தம் உரிம எண்ணோடு கையொப்பமிடுவார். அக்கையொப்பம் இல்லாத விமானத்தை விடியற்காலையில் வரும் விமானி ஏற்றுக்கொள்ள மாட்டார்.